ஊர்க் கபடிப் போட்டிக்கு நடுவர் ஏற்பாடு: புதுக் கமிட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் ஊர்த் திருவிழாக்களும் அதே சமயத்தில்தான் வரும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடற்கரைச் சாலையில் போனால் கபடிப் போட்டி ஃபிளெக்ஸ் எங்கேயாவது கண்ணில் படும்.

இந்த வருஷம் முதல் தடவையாகப் போட்டி நடத்தப் போகும் இளைஞர் மன்றங்களுக்காக இதை எழுதுகிறேன். கோப்பை எங்கே வாங்குவது, லைட்டுக்கு யாரைப் பிடிப்பது, மைக் செட் யாருடையது என்பதெல்லாம் ஊரிலேயே சொல்லித் தருவார்கள். நடுவர்களைப் பற்றித்தான் கமிட்டி கடைசியில் பேசும். போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது யாராவது ஒரு பி.டி. மாஸ்டருக்குப் போன் போட்டு, "சார், கொஞ்சம் ஆள் கூட்டிட்டு வந்துருங்க" என்பார்கள். பணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. மீந்தால் கொடுப்பது என்று மனசுக்குள் வைத்திருப்பார்கள்.

இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். பட்ஜெட் நோட்டில் முதல் வரி நடுவர் செலவாக இருக்கட்டும். பரிசுத் தொகை, கோப்பை, ஃபிளெக்ஸ் எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். நம் பக்கம் ஒரு அணி என்றால் அது ஒரு ஊர். ஏழு பேர் உள்ளே நின்றால் எழுபது பேர் வெளியே நிற்பார்கள். ஒரு போனஸ் புள்ளித் தகராறு இரண்டு ஊர்த் தகராறாக மாற ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஊரைக் காப்பாற்றுவது இரண்டு பக்கமும் மதிக்கிற ஒரு அம்பயரின் விசில்தான்.

முதலில் ஆட்டங்களை எண்ணுங்கள்

எத்தனை நடுவர் வேண்டும் என்பது எத்தனை ஆட்டம் என்பதைப் பொறுத்தது. நாக்-அவுட்டில் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. 32 அணி வந்தால் 31 ஆட்டம். ஆண்களுக்கான முழு ஆட்டம் விதிப்படி 20 நிமிஷம், 5 நிமிஷ இடைவேளை, மறுபடி 20 நிமிஷம். ஊர்ப் போட்டிகளில் ஆரம்பச் சுற்றுகளைப் பத்துப் பத்து நிமிஷமாகக் குறைத்துவிட்டு, அரையிறுதி, இறுதிக்கு மட்டும் நேரத்தைக் கூட்டுவார்கள். அப்படியும் அணியைக் கூப்பிடுவது, டாஸ், டைம் அவுட், காயம் எல்லாம் சேர்த்து ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 35 நிமிஷம் வைக்க வேண்டும். 31 ஆட்டத்துக்கு 18 மணி நேரம் ஆகிறது. ஒரு களத்தில், ஒரே இரவில் இதை முடிக்கவே முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சட்டப்படி தடை. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கப் போகும்போது இதைத்தான் முதலில் சொல்வார்கள். விடிய விடிய ஆடலாம் என்று போடுகிற கணக்கு இங்கேயே உடைந்துவிடும்.

அதனால் முதல் வருஷம் 24 அணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். 23 ஆட்டம், சுமார் பதின்மூன்றரை மணி நேரம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மதியம் 3 மணிக்கு ஆரம்பித்தால் இரவு 10 மணிக்குள் முடியும். மூன்றாம் இடத்துக்குத் தனியாக ஆட்டம் வைக்காமல், அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிக்கும் பரிசைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

இரண்டு களம் போட்டு ஒரே நாளில் முடித்தால் நடுவர் செலவு பாதியாகுமே என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். ஆகாது. ஒரு களத்துக்கு விதிப்படி ஆறு பேர் வேண்டும்: ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர். மாற்றுக்கு இரண்டு பேர். இரண்டு களம், ஒரு நாள் என்றால் களத்துக்கு ஆறு, பொதுவாக மாற்றுக்கு இரண்டு என்று 14 ஆள். ஒரு களம், இரண்டு நாள் என்றால் 8 பேர், 16 ஆள்-நாள். வித்தியாசம் இரண்டே இரண்டு ஆளின் ஒரு நாள் படிதான். ஒரே களம் என்றால் கூட்டம் பிரியாது, நடுவர்களும் களைத்துப் போக மாட்டார்கள். எட்டாவது மணி நேரத்தில் நிற்கும் அம்பயரின் கண் முதல் மணி நேரத்துக் கண்ணாக இருக்காது.

யாரிடம் கேட்பது

ஒவ்வொரு மாவட்டத்திலும் அமெச்சூர் கபடிக் கழகம் இருக்கிறது. அது தமிழ்நாடு மாநில அமெச்சூர் கபடிக் கழகத்தோடு இணைந்தது. தேர்வு எழுதித் தேறிய நடுவர்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கும். நடுவர்களை அனுப்புவதற்கென்றே கன்வீனர் என்று ஒருவர் இருப்பார். அவரைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊர்ப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டாலே எண் கிடைக்கும். நடுவர்களில் பலர் அவர்களேதான். ராமநாதபுரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.

கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். போட்டி நாள், இடம், அணிகளின் எண்ணிக்கை, எடைப் பிரிவு, மண் களமா, மேட் என்ற விரிப்புக் களமா, தொடங்கும் நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதம் குறைந்தது ஒரு மாதம் முன்னால் போகட்டும். மே மாதத்தில் எல்லா ஊரும் இதே ஆட்களைத்தான் கேட்கும். கழக அனுமதி இல்லாமல் ஃபிளெக்ஸில் "மாநில அளவிலான" என்று போட்டுக்கொள்ள வேண்டாம். அப்படிப் போட்டுவிட்டு நடுவர் கேட்டுப் போனால் கேள்விகள் வரும்.

கடிதத்துக்கு அப்புறம் போன். பேச்சு இப்படித்தான் போகும்:

"சார், வணக்கம். மண்டபம் பக்கத்துல இருந்து இளைஞர் மன்றத்துல பேசுறோம். லெட்டர் கொடுத்திருந்தோம்."

"சொல்லுங்க தம்பி. எத்தனை டீம்?"

"இருபத்து நாலோட நிறுத்துறோம் சார். ஒரே கோர்ட், ரெண்டு நாள்."

"நல்லது. மண்ணா, மேட்டா? லைட் நாலு மூலையிலும் இருக்கா? எடை பார்க்க மெஷின் இருக்கா?"

"மண்ணுதான் சார். லைட் சொல்லியாச்சு. மெஷின் வாங்கிருவோம்."

"சரி, எட்டுப் பேர் வர்றோம். திரும்பப் போக வண்டி யாரு பார்க்கிறது?"

கடைசிக் கேள்வி வரும் வரைக்கும் காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். படி எவ்வளவு என்பதையும் அந்தப் போனிலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்ற வார்த்தையால்தான் பாதி மனக்கசப்பு வருகிறது. பேசி முடித்ததை அன்றைக்கே வாட்ஸாப்பில் எழுதி அனுப்புங்கள்: எத்தனை பேர், எத்தனை நாள், ஆளுக்கு எவ்வளவு, பயணம், சாப்பாடு, எப்போது கொடுப்பீர்கள், மழையால் நின்றால் என்ன.

அணி அனுப்புகிற ஊர்க்காரர் யாரும் அந்த அணியின் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கக் கூடாது. கன்வீனரிடம் அணிகளின் பட்டியலை முன்னாலேயே கொடுத்தால் அவரே அதற்கேற்ப ஆட்களை மாற்றிப் போடுவார். உங்கள் ஊர் அணியும் ஆடுகிறதென்றால் இதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். சொந்த மண்ணில் ஜெயிக்கும் அணிமேல் சந்தேகம் விழுவது சுலபம்.

பெண்கள் அணிகளையும் அழைக்கிறீர்களா? நல்ல விஷயம். கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், பெண் நடுவர்களையும் கேளுங்கள். அவர்களுக்கான களம் 12-க்கு 8 மீட்டர், ஆட்டம் பதினைந்து பதினைந்து நிமிஷம். உடை மாற்ற அறையும் இரவு வண்டியும் கட்டாயம்.

பணக் கணக்கு

கொடுக்கும் முறை மூன்று. ஆட்டத்துக்கு இவ்வளவு என்பது ஒன்று. நாளுக்கு இவ்வளவு படி என்பது இன்னொன்று. மொத்தமாக ஒரு தொகையைக் கன்வீனரிடம் கொடுத்து, அவர் பிரித்துக்கொள்வது மூன்றாவது. நாள் படிதான் சரி என்பது என் எண்ணம். ஆட்டக் கணக்கில் கொடுத்தால் யார் எத்தனை ஆட்டம் நின்றார் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இடைவேளையைச் சுருக்கி ஓட்டும் ஆசையும் வரும். மொத்தத் தொகை கமிட்டிக்குச் சுலபம்தான். ஆனால் இளைய நடுவருக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. ஆளாளுக்குத் தனித்தனி கவர் கொடுப்பதே மரியாதை.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். படி ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று கணக்கு வசதிக்காக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு என்ன தொகை என்பதைக் கன்வீனர் சொல்வார். எட்டுப் பேர், இரண்டு நாள்: 16,000. பயணத்துக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 150 என்றால் 2,400. டீ, பலகாரம், இரவுச் சாப்பாடு சேர்த்து இன்னொரு 2,400. மொத்தம் 20,800 ரூபாய். நுழைவுக் கட்டணம் அணிக்கு 500 வாங்கினால் 24 அணிக்கு 12,000 வரும். மீதி 8,800 ரூபாய் ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும்.

எங்கிருந்து வரும்? முதல் பரிசிலிருந்து ஐந்தாயிரத்தைக் குறைத்துப் பாருங்கள். அதற்காக எந்த அணியும் வராமல் இருக்காது. "அந்த ஊர்ல அம்பயரிங் சரியில்ல" என்று பேச்சுக் கிளம்பினால்தான் அடுத்த வருஷம் நல்ல அணிகள் எட்டிப் பார்க்காது. கோப்பையின் உயரத்தையும் குறைக்கலாம். ஊர்ப் பொது நிதியிலிருந்து, ஜமாத்திலிருந்து, சர்ச் பங்கிலிருந்து ஒரு தொகை கேட்கலாம். செய்யவே கூடாத ஒன்று உண்டு. ஆடுகிற அணியின் ஆதரவாளர் ஒருவரிடம், "நடுவர் செலவு உங்களோடது அண்ணே" என்று ஒப்படைக்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அவர் அணிக்கு விழும் முதல் போனஸ் புள்ளியிலேயே அந்தப் பேச்சு களத்தைச் சுற்றி வந்துவிடும். ஜெயித்த அணியிடம் பரிசுத் தொகையில் பிடித்து நடுவருக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சங்கடமான இன்னொரு இடம் பயணம். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர்தான். ராமேஸ்வரம் என்றால் ஐம்பதுக்கு மேல். ராத்திரி பத்தரை மணிக்கு மேல் கடற்கரைக் கிராமத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. போட்டி பாம்பன் தாண்டி, தீவுக்குள் நடந்தால் ஒன்று வேன் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நாளும் தங்க மின்விசிறியும் தண்ணீரும் உள்ள இடம் கொடுங்கள். பைக்கில் தனியாக வரும் நடுவர் இருந்தால், குறிப்பாகத் தோற்ற அணியின் ஊர் வழியாக அவர் போக வேண்டியிருந்தால், கமிட்டிப் பையன்கள் இரண்டு பேர் மெயின் ரோடு வரை கூடவே போய்விட்டு வரட்டும்.

களம் சரியாக இருந்தால்தான் தீர்ப்பு சரியாக இருக்கும்

ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள்ளேயே இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்கு லாபி என்ற ஓரப் பட்டை. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் (பாடிப் போகிறவர் தாண்டியே ஆக வேண்டிய கோடு), அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் லைன். டேப் வைத்து அளந்து போடுங்கள், காலடி அளவு வேண்டாம்.

கடற்கரையில் கோடுதான் பெரிய பிரச்சினை. மதியம் சுண்ணாம்புத் தூள் போட்டு அழகாக இழுத்திருப்பார்கள். கச்சான் காற்று எழும்பியதும் ஐந்து மணிக்குள் பாதிக் கோடு பறந்துவிடும், மீதி பையன்களின் காலோடு போய்விடும். போனஸ் எடுக்க ஒரு கால் கோட்டைத் தாண்டும்போது பின்னங்கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். அம்பயர் குனிந்து பார்ப்பது அந்த ஒரு நொடியைத்தான். தாண்டியதைப் பார்க்கக் கோடே இல்லையென்றால் அவர் என்ன செய்வார்? லாபியும் அப்படித்தான். தொடுவதற்கு முன்னால் லாபியில் கால் வைத்தவர் அவுட், தொட்ட பிறகு வைத்தால் இல்லை. தெளிவான கோடு இல்லாத களத்தில் இந்த இரண்டு விதியும் வெறும் வாய்ச்சண்டைதான். வெள்ளை நாடாவை இழுத்துக் கட்டுங்கள். நாடாவைப் பிடிக்கும் ஆணியின் தலை மண்ணுக்குள் முழுசாகப் புதைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மண்ணைச் சலிக்காமல் விடக் கூடாது. கடல் மண் கலந்தால் சிப்பி இருக்கும். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள் இல்லாத மண் கிடையாது. ரெஃப்ரி களத்தைப் பார்த்துவிட்டு ஆட்டம் தொடங்க மாட்டேன் என்று சொன்னால் அது அவர் உரிமை. கோபப்படாமல் இன்னொரு தடவை கூட்டுங்கள்.

அடுத்து மைக். வர்ணனை செய்யும் அண்ணன் உற்சாகத்தில் ரெய்டு முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். பாடிப் போகிறவர் "கபடி கபடி" என்று விடாமல், கேட்கும்படி பாட வேண்டும் என்பது விதி. எதிரணிக் களத்தில் பாட்டு விட்டுப் போனால் அவர் அவுட். அம்பயர் காதில் விழுவது வர்ணனையும் சினிமாப் பாட்டுச் சத்தமும் மட்டும் என்றால் அந்த விதியை எப்படி நடத்துவது? ஒலிபெருக்கிகளைக் களத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டுங்கள். ரெய்டு நடக்கும்போது மைக் மௌனம், புள்ளி விழுந்த பிறகு பேச்சு என்று வர்ணனையாளரோடு முன்னாலேயே ஒப்பந்தம் வையுங்கள். பத்து மணிக்கு அப்புறம் ஆட்டம் இழுத்தால் மைக் கிடையாது. பெரிய எழுத்து ஸ்கோர் போர்டு அப்போது கைகொடுக்கும்.

ஆட்ட நாளில்

நடுவர்கள் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு மேடைக்குப் பின்னால் ஒரு தனி இடம், தண்ணீர், உட்கார நாற்காலி வேண்டும். அணிகளும் அவர்களும் ஒரே பந்தலில் உட்கார வேண்டாம். எடை பார்ப்பது அவர்கள் கையில் இருக்கட்டும். 60 கிலோ போட்டி என்று அறிவித்துவிட்டு, "அரைக் கிலோதானே, விடுங்க" என்று கமிட்டி இடையில் போகக் கூடாது.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன்களையும் மேனேஜர்களையும் ஒன்றாகக் கூப்பிட்டு ரெஃப்ரி விதிகளைச் சொல்லட்டும். அதை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அரைக்கு எத்தனை நிமிஷம், ரெய்டுக்கு 30 விநாடிதானா, இரண்டு வெறும் ரெய்டுக்கு அப்புறம் மூன்றாவது 'டூ ஆர் டை' (புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட்) உண்டா, சமமாக முடிந்தால் ஐந்து ஐந்து ரெய்டா, எல்லாம் அதில் வர வேண்டும். டி.வி.யில் ப்ரோ கபடி பார்த்து வளர்ந்த தம்பிகள் ரிவ்யூ கேட்பார்கள். ரிவ்யூ கிடையாது, மொபைல் வீடியோ செல்லாது என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். முறையீடு இருந்தால் மேனேஜர் மட்டும் எழுத்தில், ஒரு சிறு கட்டணத்தோடு கொடுக்கலாம். முறையீடு ஏற்கப்பட்டால் கட்டணம் திரும்ப வரும்.

களத்துக்குள் அம்பயர்கள் சொல்வதுதான் முடிவு. இரண்டு அம்பயரும் ஒத்துப்போகாதபோது ரெஃப்ரி சொல்வார். பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டைக்கு இரண்டு நிமிஷம் வெளியே, சிவப்பு என்றால் அந்த ஆட்டம் முழுக்க வெளியே. சிவப்பு அட்டை காட்டியதும் ஊர்ப் பெரியவர் ஒருவர், "மாப்ள, சின்னப் பையன், மன்னிச்சு விட்ருப்பா" என்று எழுந்து வருவார். அவரைப் பாதி வழியில் மறித்து, மரியாதையாக நாற்காலிக்குக் கூட்டிப் போக வேண்டியது கமிட்டித் தலைவரின் வேலை. களத்துக்குள் நடுவரைக் காப்பாற்ற அவரிடம் அட்டை இருக்கிறது. களத்துக்கு வெளியே அவருக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை.

உதவி ஸ்கோரர் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அவுட் ஆனவர்கள் எந்த வரிசையில் போனார்களோ அதே வரிசையில்தான் உள்ளே வர வேண்டும், போனஸ் புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது. நல்ல ரெய்டரை முந்தி உள்ளே தள்ளப் பார்ப்பது எல்லா அணியும் செய்கிற காரியம். அதைப் பிடிப்பவர் இவர்தான்.

கவர் கொடுக்கும் நேரம்

இறுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், அரையிறுதி முடிந்த இடைவெளியில் எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். பரிசளிப்புக்கு அப்புறம் என்று தள்ளினால், அந்த நேரம் கமிட்டிப் பொருளாளர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அதோடு, எந்த அணி ஜெயித்தாலும் பணம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்பது நடுவருக்கும் நிம்மதி, பார்க்கிறவர்களுக்கும் தெளிவு. கவரின் மேல் பெயர், நாள், படி, பயணம் என்று பிரித்து எழுதுங்கள். வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். ஒருவருக்கே 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஜிபேயில் அனுப்பினாலும் வவுச்சர் வேண்டும், ஊர்க் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது அதுதான் பேசும். மேடையில் துண்டு போடும்போது நடுவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்தத் துண்டு படிக்குப் பதில் ஆகாது.

முதல் நாள் முடிந்து மழையால் இரண்டாம் நாள் நின்றுபோனால்? வந்து சேர்ந்தவருக்கு அன்றைய படியில் பாதியும் முழுப் பயணச் செலவும் என்று முன்னாலேயே பேசி வையுங்கள். கிளம்புவதற்கு முன்னால் தகவல் சொல்லிவிட்டால் எதுவும் தர வேண்டியதில்லை.

அடுத்த வருஷத்துக்கு

செலவைக் குறைக்க ஒரே நேர்மையான வழி, உங்கள் பக்கத்திலேயே நடுவர்களை உருவாக்குவது. ஆடி முடித்த பையன்களில் நிதானமானவர்கள் இரண்டு பேரை இந்தப் போட்டியிலேயே உதவி ஸ்கோரர் மேசையில், வந்திருக்கும் நடுவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிடித்திருந்தால் கழகம் நடத்தும் நடுவர் தேர்வுக்கு விதிப் புத்தகம் படிக்கட்டும். தேர்வு எப்போது என்று கன்வீனரிடம் கேட்டு வையுங்கள். தேர்வுக் கட்டணத்தை மன்றம் கட்டலாம். தேறியவர்கள் சொந்த ஊர்ப் போட்டிக்கு நிற்க மாட்டார்கள், பக்கத்து ஊருக்குப் போவார்கள். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். பயணச் செலவும் ராத்திரி வேனும் அப்போது பாதியாகக் குறையும்.